வெளியே என்ற கட்டத்தில் ஒரு கைநாட்டு

எட்டாம்பாழி ஏரி கிரிதரனை விடமாட்டேன் என்கிறது என்ற செய்தி பூண்டுப்பாறைக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளைத்தாயி களத்தில் உட்கார்ந்து பூண்டுக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். டீக்கடை வீரணன் மூச்சிரைக்க வந்து நின்று, "மதினி, அந்த கேம்ப்காரன் ஜீப்புல ஏறுறான், ஜீப்பு கேட்டைத் தாண்டுது, தாண்டினதும் திரும்பிப் பார்த்தா சீட்டுல ஆள் இல்லை, எங்கடான்னு தேடிப் போனா ஏரிக்கரையில டென்ட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்கான், மூணு தடவை ஆகிப்போச்சு" என்றான். அவள் கத்தியை நிறுத்தாமல் அடுத்த பூண்டை எடுத்து, "நாலாந்தடவையும் அப்படித்தான் ஆகும்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு ஏன் அதில் ஆச்சரியமே இல்லை என்று தெரிய வேண்டுமானால் கேட் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு மேலே தார்ரோடு முடிகிற இடத்தில் வனத்துறையின் கேட்; அதற்கு அந்தப் பக்கம் தேசிய வனம், ஜீப் போகிற மண்தடத்தில் சோலையும் புல்மேடுமாக ரெண்டு மணி நேரம் நடந்து ஏறினால் எட்டாயிரம் அடி உயரத்தில் எட்டாம்பாழி. விறகு பொறுக்கப் போகிறவளானாலும், தேன் எடுக்கப் போகிறவனானாலும், பட்டணத்திலிருந்து கூடாரம் அடிக்க வருகிறவர்களானாலும், கேட்டில் இருக்கிற நோட்டில் 'உள்ளே' என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வரும்போது 'வெளியே' என்ற கட்டத்தில் இன்னொன்று. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வாச்சர் தவசி தகரத்தைத் தட்டுவார், ஊரே பந்தம் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கும். கட்டம் நிரம்பியிருந்தால் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒருதரம் வீரணன் கையெழுத்துப் போட மறந்து கடைக்கு வந்துவிட, பின்னாலேயே நோட்டோடு வந்த தவசி, "நீ இன்னும் காட்டுக்குள்ளதாம்ப்பா இருக்க, முதல்ல வெளிய வா" என்று கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் அவன் கையால் டீ வாங்கிக் குடித்தார். அந்த ஊருக்குத் தன் கண்ணைவிட நோட்டு பெரிசு.

போன ஐப்பசியில் வெள்ளைத்தாயியின் புருஷன் சடையாண்டி கிரிதரனோடு காட்டுக்குள் போனான். கிரிதரன் பட்டணத்துக்காரன், கேம்ப் நடத்துகிறவன், வெயில்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் ஆட்களைக் கூட்டிவந்து ஏரிக்கரையில் தங்கவைத்துக் கூட்டிப் போகிறவன்; சடையாண்டி அவனுக்கு வழிகாட்டி, கூடாரம் அடிக்கிறவன், சமையல்காரன் எல்லாம். கிளம்புகிற நேரத்தில் வந்திருந்தவர்களில் ஒருத்தி கேமராவை ஏரிக்கு அந்தக் கரையில் விட்டுவிட்டேன் என்று அழுதாள். கிரிதரன் சடையாண்டியை எடுத்துவர அனுப்பினான். மஞ்சு இறங்கிவிட்டது, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு. அரை மணி நேரம் பார்த்துவிட்டு கிரிதரன் மற்றவர்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டான். ஆறு பேர் உள்ளே போய் ஐந்து பேர் வெளியே வந்தால் தவசி ஜீப்பை விடமாட்டார், அடுத்த சீசனுக்கு அனுமதியும் கிடைக்காது. ஆனால் நோட்டில் சடையாண்டி பெயருக்கு நேரே, வெளியே என்ற கட்டத்தில், மணி நாலேகால் என்று ஒரு கைநாட்டு இருந்தது.

அதனால் யாரும் தேடவில்லை. புருஷன் வீட்டுக்கு வரவில்லை என்று வெள்ளைத்தாயி கத்தினாள், வாசல் வாசலாகப் போய்க் கத்தினாள். நோட்டில் வெளியே வந்திருக்கானே, வத்தலக்குண்டு பஸ் ஏறியிருப்பான், எவளையாவது பார்க்கப் போயிருப்பான் என்று சிரித்தார்கள். ஏரிப் பக்கம் புகை தெரிகிறது என்று அவள் மலையைக் காட்டினாள். மூன்று நாள் தெரிந்தது அந்தப் புகை. மூன்று நாளும் ஊர் அண்ணாந்து பார்த்து, "அது மஞ்சு ஆத்தா, மஞ்சு" என்று சொல்லிவிட்டுப் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டது. தனியாக ஏறிப் பார்க்கிறேன் என்று போனவளை, தேட வேண்டிய ஆளே காட்டுக்குள் இல்லையே, எதற்கு உன்னை விடுவது என்று தவசி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். நாலாம் நாள் புகை இல்லை. பதினோராம் நாள் தேன் எடுக்கப் போனவன் பார்த்தான்: ஏரிக்கு அந்தக் கரையில், கால் ஒடிந்து, கேமராவை நனையாமல் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பக்கத்தில் மூன்று சாம்பல் குவியலோடு, சடையாண்டி.

அந்தக் கைநாட்டைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைத்தாயி ஒற்றைக்காலில் நின்றாள். தவசி நோட்டைப் பிரித்துக் காட்டினார். கல்யாணமான புதிதில் அவள் கை தவறிப் பூண்டுக் கத்தி பட்டு சடையாண்டியின் பெருவிரலில் குறுக்கே ஒரு வெட்டு உண்டு. அவன் எங்கே கைநாட்டு வைத்தாலும் ரேகையை ரெண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு விழும். உள்ளே என்ற கட்டத்தில் கோடு இருந்தது. வெளியே என்ற கட்டத்தில் இல்லை, கொழுகொழுவென்று ஒரு விரல், மை வழிய அழுத்தியிருந்தது. "மை அப்பிருச்சும்மா" என்றார் தவசி. "மை அப்பினா அப்படித்தான்" என்றார் விசாரிக்க வந்தவர். வெளியே வந்தவன் நோட்டில் வைக்காமல் மறுபடி உள்ளே போயிருக்கிறான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நோட்டு பொய் சொல்லாது, செத்துப்போனவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் ஏரிக்குப் போனாள். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, தலையை விரித்துப் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, "அவன் திரும்ப வருவான். வந்தா விடாத" என்றாள். கூடப்போன தவசி கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

மாசியில் கிரிதரன் புதுக் கூட்டத்தோடு வந்தான், ரெண்டு இரவு தங்கினான், கிளம்பினான், கேட்டைத் தாண்டினான், ஏரிக்கரையில் இருந்தான். ரேஞ்சர் வந்து பார்த்தார். நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் கட்டித் தூக்கிவந்தார்கள், கேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டில் பாரம் குறைந்தது, கயிற்று முடிச்சு அவிழாமலே இருந்தது, மப்ளர் மட்டும் கிடந்தது. கேட் வேண்டாம், மலைக்கு மறுபக்கமாக இறக்கிவிடலாம் என்று தேன்காரர்கள் ஒருநாள் முழுக்க அவனோடு நடந்தார்கள், அவர்கள் தேனி ரோட்டில் இறங்கினார்கள், அவன் ஏரியில் கால் நனைந்து நின்றான். நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தான், போட்டது காய்வதற்குள் மறைந்தது, அதே பேனாவில் மற்றவர்கள் போட்டது நின்றது. ரேஞ்சர் மேலிடத்துக்கு எழுதினார். வெளியேறாத நபரை எந்த விதியின் கீழ் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மேலிடம் திருப்பிக் கேட்டது. கேம்ப் அனுமதி ரெண்டு இரவுக்குத்தான் என்பதால், ரெண்டு நாளைக்கு ஒருதரம் தவசி புது அனுமதிச் சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தார்.

அப்புறம் ஊருக்குப் பழகிப்போனது. அவனுடைய பெண்டாட்டி வந்தாள், மூன்று நாள் கூடாரத்தில் இருந்தாள், அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போனாள், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வீரணன் கடைக்கு போன் போட்டு, இருமல் இருக்கிறதா, கம்பளி போதுமா என்று விசாரித்தாள். மாசத்துக்கு ஒருதரம் முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு ஏறிப்போனார். பால்காரன் வாடிக்கை எழுதிக்கொண்டான். விறகுக்குப் போகிற பெண்கள் கட்டை இறக்கிவைத்து, "பார்த்துக்கங்க அண்ணே, வந்துடுறோம்" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கிராம சபையில் அவனுக்கு ரேஷன் அட்டை கொடுக்கலாமா கூடாதா என்று பேச்சு வந்தது. அவனைப் பார்க்கவென்றே வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள், வீரணன் இன்னொரு பெஞ்சு போட்டான். கிரிதரனும் வாய் உள்ளவன், வந்தவர்களைச் சிரிக்க வைத்தான், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான். ஊர் அவனுக்கு ஏரிக்காரர் என்று பேர் வைத்தது. செத்துப்போன சடையாண்டிக்கு வைத்த பேர் எல்லாம் குடிகாரன், ஓடிப்போனவன் என்பதுதான்.

வெள்ளைத்தாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏரி பிடித்துக் கொடுத்ததை ஊர் எடுத்துக் கொஞ்சுகிறதே என்று எரிந்தது. "ஒரு ஆளு ஒருக்க உள்ளே போனா ஒருக்கத்தான் வெளியே வரலாம். அவன் அன்னைக்கு என் புருஷன் பேருலயும் வெளியே வந்துட்டான், ரெண்டு தடவை வந்தாச்சு, இனி அவனுக்கு ஏது?" என்று டீக்கடையிலேயே சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டார்கள், தலையை ஆட்டினார்கள், மை அப்பியிருக்கும் மதினி என்றார்கள். அடுத்தவன் பேருக்குத் தன் விரலை வைப்பது என்பது அந்த ஊரில் ஒருத்தருக்கும் புத்தியில் ஏறாத காரியம். பொய் சொல்லுவார்கள், வேலியைத் தள்ளிப் போடுவார்கள், ஆனால் அந்த நோட்டில் விளையாட அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஆகவே உண்மை அவன் வாயாலேயே வர வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். கேம்ப்காரனுக்குச் சோறு கொண்டுபோகிற வேலையை யாரும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டாள்.

தினமும் மதியம் தூக்குச்சட்டியோடு ஏறினாள். பீன்ஸ் குழம்பு, சோறு, சில நாள் முட்டை. "சாப்பிடுங்க சார்" என்பாள், எதிரே உட்காருவாள், அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவனுக்கு முதலில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. சடையாண்டியின் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியும். பிறகு இறங்க ஆரம்பித்தது, மனுசன் எதற்கும் பழகுவான். "உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்மா" என்று ஒருநாள் சொன்னான். அவள் அன்றைக்கு ஏரியில் சட்டியைக் கழுவும்போது அடிப்பக்கம் ஓட்டை விழுகிற மாதிரி தேய்த்தாள். ஒரு நாள்கூட அவனை நீ என்று பேசவில்லை, ஒரு நாள்கூட உப்புக் குறைத்துப் போடவில்லை. உயிரோடு இருந்தால்தானே வாய் திறக்கும்.

எட்டு மாசம் போனது. ஐப்பசி பிறந்து மழை இறங்கி, கூடாரத் துணி நைந்து, கிரிதரன் இரும ஆரம்பித்தபோது ஊரே கூடிக்கொண்டு வெள்ளைத்தாயி வீட்டு வாசலுக்கு வந்தது.

"மதினி, போதும்" என்றான் வீரணன். "நீ சொல்லித்தான் ஏரி பிடிச்சு வச்சிருக்குன்னு தவசி அண்ணன் சொல்லிட்டாரு. அந்தக் குளிருல அவரு தாங்கமாட்டாரு. பச்சப்புள்ள மாதிரி நடுங்குறாரு. நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுடு."

அவள் எழுந்து வந்து ஒவ்வொரு தலையாக எண்ணினாள். "பதினாலு பேரு வந்திருக்கீங்க."

"ஆமா மதினி."

"அன்னைக்கு என் புருஷனைத் தேடி ஒரே ஒரு ஆளு வந்திருந்தா போதும் கொழுந்தனாரே. ஒரே ஒரு ஆளு. புகை தெரியுது, புகை தெரியுதுன்னு நான் நாய் மாதிரி ஊளையிட்டேன். அவரு மூணு நாளு ஈரச் சுள்ளியப் பத்தவச்சுப் பத்தவச்சு உங்களைக் கூப்பிட்டாரு. பச்சப்புள்ளயா உங்களுக்கு இவன்?"

 தவசி காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவர்களை விலக்கிக்கொண்டு நடந்தாள், கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே ஏறினாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கிரிதரன் கம்பளியோடு வெளியே வந்து உட்கார்ந்தான். ரெண்டு வாய் சாப்பிட்டான், வைத்துவிட்டான்.

"அம்மா, எனக்கு ஒரு உதவி. நீங்க நினைச்சா நான் இன்னைக்கே போயிடலாம்."

"நான் என்ன சார் செய்ய முடியும்?"

"என் கையெழுத்துதான் அந்த நோட்டுல நிக்கமாட்டேங்குது. மத்தவங்களோடது நிக்குது. அப்போ என் பேருக்கு நேரா நீங்க வச்சிருங்க. உங்க பெருவிரலை."

"உங்க பேருக்கு என் விரலா?" என்றாள். "அது எப்படி சார் செல்லும்?"

"செல்லும்மா. மை நிறையத் தொட்டு நல்லா அழுத்திட்டா ரேகை தெரியாது. தவசி அந்த நேரத்துல குனிஞ்சு ஜீப் நம்பர் எழுதிட்டிருப்பார். யாரு வச்சாங்கன்னு அவர் பார்க்கிறதே இல்ல. கட்டம் நிரம்பிச்சான்னு மட்டும்தான் பார்ப்பார். அன்னைக்கு..."

அங்கே நின்றான். ஏரியில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. எட்டு மாசமாகச் சோறு போட்டு வளர்த்த வார்த்தை இப்படிச் சாதாரணமாக, குழம்பு வாயோடு வந்து விழும் என்று அவள் நினைக்கவில்லை. கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க சார். அன்னைக்கு."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். "மஞ்சு மூடிருச்சும்மா. எப்படியும் பின்னாடியே வந்துடுவான்னு நினைச்சேன்."

"மறுநாள் ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமே சார். ஒரு போன் போட்டிருக்கலாமே."

"போட்டா நோட்டுல இருக்கறது பொய்னு ஆயிடுமே" என்றான் கிரிதரன்.

அவள் அவனையே பார்த்தாள். இவ்வளவு சின்னக் காரணத்துக்காகவா என்று இருந்தது. பெரிய பகை, பெரிய வன்மம் ஏதாவது இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போல. மூன்று நாள் உயிரோடு கிடந்தவனை, ஒரு கட்டம் அழியக் கூடாதே என்று விட்டுவிட்டிருக்கிறான். இதை ஊரில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தாள். நடுங்குறாரு பாவம், சும்மா உளறியிருப்பாரு என்பார்கள்.

"சாப்பிட்டு முடிங்க சார்" என்றாள். "மூட்டையைக் கட்டுங்க. நான் வச்சுத் தாரேன்."

அவன் அவள் காலில் விழப்போனான், அவள் நகர்ந்துகொண்டாள்.

கேட்டில் ஊர் காத்திருந்தது. வெள்ளைத்தாயி முதலில் தன் பெயருக்கு நேரே, வெளியே என்ற கட்டத்தில், தன் கையெழுத்தைப் போட்டாள். குனிந்து கேட்டின் குறுக்குக் கம்பைத் தாண்டி வெளியே வந்தாள். வந்து நின்றுகொண்டு, "அண்ணே, மாசி மாசத்து ஏட்டைப் பிரிங்க, மைப்பெட்டியைக் கொடுங்க" என்று கம்புக்கு மேலாகக் கை நீட்டினாள். ரெண்டாந்தடவை வெளியே வருகிறவள், கிரிதரனைப் போல, இனிமேல் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். சடையாண்டி கிடந்த கரையில் இனி ஒரு விளக்கு ஏற்ற முடியாது, ஒரு பூ வைக்க முடியாது. அதை ஒரு நிமிசம் நினைத்தாள், பிறகு மையை நிறையத் தொட்டு, கிரிதரன் என்ற பெயருக்கு நேரே, அழுத்தி வைத்தாள். கொழுகொழுவென்று விழுந்தது. மறையவில்லை.

தவசி பக்கத்தில் மணி நாலேகால் என்று எழுதினார்.

"பெரிய மனசு மதினி உனக்கு" என்று வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் கீழ்ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். "போயிட்டு வாங்க சார், சீசனுக்கு வாங்க சார்" என்றார்கள். கிரிதரன் கம்புக்கு அந்தப் பக்கம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். "நான் இங்க இருக்கேன்" என்றான். கம்பைத் தாண்டினான், காணாமல் போனான், ரெண்டு மணி நேரம் கழித்து ஏரியிலிருந்து ஓடிவந்து மறுபடி கம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான். தவசி அவனுக்கு ஊடாகக் கையை விட்டுக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, மழை வலுக்கும் போல இருக்கே என்றார்.

மறுநாள் பால்காரன் ஏரிக்குப் போகவில்லை, அவருதான் போயிட்டாரே. விறகுக்குப் போன பெண்கள் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், வந்து ஏரிக்கரை வெறிச்சென்று கிடக்கிறது என்று வருத்தப்பட்டார்கள். தேன் எடுக்கப் போனவன் யாரோ கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டு, கேளையாடு கத்துகிறது என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கிரிதரனின் பெண்டாட்டி போன் போட்டு அவர் இன்னும் வரவில்லையே என்று அழுதாள். வீரணன் நோட்டை வாங்கிப் பார்த்து, நாலேகாலுக்கே கிளம்பிட்டாரும்மா, வேற எங்கயாவது போயிருப்பாரு என்று சிரித்தான்.

கைநாட்டு வைத்த மறுநாளே ஏரிப் பக்கம் புகை எழுந்தது. மெலிசாக, ஈரச் சுள்ளிப் புகை. அதற்கடுத்த நாளும் எழுந்தது. வெள்ளைத்தாயி களத்தில் உட்கார்ந்து பூண்டுக்குத் தாள் அறுத்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி அறுத்தாள். பெருவிரல் மை சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தூக்குச்சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. மதியமானால் கை தன்னால் அதைத் தேடியது, அதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் தவசி கேட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் களத்து ஓரமாக நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்த்தார்.

"ஏத்தா, ஏரிப் பக்கம் புகை மாதிரி தெரியுதே. யாராவது உள்ளே இருக்காங்களோ?"

அவள் கத்தி நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தகரம் அடிக்கும், பதினாலு பேரும் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், இன்னும் உயிர் இருக்கும். மெல்ல நிமிர்ந்து, மலையை நன்றாகவே பார்த்தாள். புகை நேராக எழுந்து மேலே போய் வளைந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மஞ்சுண்ணே" என்றாள். "அது மஞ்சு."

தவசி தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவள் அடுத்த பூண்டை எடுத்தாள்.